ட்ரெஸ்டனில் அரசு நடத்திய ஓவியக் கண்காட்சிக்குப் பத்து லட்சம் பேர் ஏன் போனார்கள்?

கரித்துண்டு:

போன வாரம் வேறொரு இழையில் சோஷலிச நாடுகளின் ஓவியம் பற்றிப் பேச்சு வந்ததும் மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். டிராக்டர், கதிர்க்கட்டு, சிரிக்கிற தொழிலாளி, அவ்வளவுதான் என்று. எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன். எல்லா நாட்டையும் இழுத்துப் போட்டுப் பேசினால் ஒன்றும் தேறாது. நான் கொஞ்சம் ஆழமாகப் படித்திருப்பது கிழக்கு ஜெர்மனியைப் பற்றித்தான். அதைப் பற்றியே பேசுவோம்.

1946 முதல் 1988 வரை அங்கே பத்துப் பெரிய தேசியக் கண்காட்சிகள் நடந்தன. பத்தும் ட்ரெஸ்டன் நகரத்தில். தொடக்கத்தில் பெயர் 'ஜெர்மன் கலைக் கண்காட்சி'. 1972-இல் வந்த ஏழாவதிலிருந்து 'ஜெர்மன் ஜனநாயகக் குடியரசின் கலைக் கண்காட்சி' என்று மாறியது (கிழக்கு ஜெர்மனியின் அதிகாரப்பூர்வப் பெயர் அதுதான்). இரண்டு ஜெர்மனியும் ஒன்றுதான் என்ற பேச்சை அரசே விட்டுவிட்டது என்பதை அந்தப் பெயர் மாற்றத்திலேயே பார்க்கலாம். அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் இலையுதிர் காலத்தில் திறந்து அடுத்த வசந்தம் வரை நடக்கும்.

ஏழாவதுக்கு ஆறரை லட்சம் பேர் வந்தார்கள். 1977-இல் தொடங்கிய எட்டாவதுக்குப் பத்து லட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையே 1.7 கோடிக்குள்தான். சமகால ஓவியம் பார்க்க இத்தனை கூட்டம் கூடிய நாடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இதில் முதல் கண்காட்சியின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், நகரமே கல்லும் மண்ணுமாகக் கிடக்கும்போது, தப்பி நின்ற பழைய ராணுவ அருங்காட்சியகக் கட்டடத்தில் படம் மாட்டினார்கள். யாருடைய படங்கள்? நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி அருங்காட்சியகங்களிலிருந்து தூக்கி எறிந்தவர்களுடையவை. ஓட்டோ டிக்ஸ் உட்பட. நடத்தியவர்களில் ஒருவர் வில் க்ரோமான், நவீன ஓவியத்துக்காக வாழ்ந்த விமர்சகர். இன்னொருவர் ஹான்ஸ் க்ருன்டிக், வதைமுகாமில் கிடந்து மீண்டு வந்த கம்யூனிஸ்ட் ஓவியர். அந்தச் சுவரை நவீன ஓவியத்துக்குத் திறந்துவிட்டவர்களில் ஒரு கம்யூனிஸ்டும் இருந்தார் என்பதை தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்களிடம் கருத்துத்தாள் கொடுத்து எழுதச் சொன்னார்கள். பெரும்பாலோர் பிடிக்கவில்லை என்று எழுதினார்கள். பன்னிரண்டு வருடம் நாஜிப் படங்களையே பார்த்துப் பழகிய கண்கள், வேறு எப்படி இருக்கும்? ஆனால் 'மக்களுக்குப் புரியவில்லை' என்ற அந்தப் பதில் பின்னாளில் ஓவியர்களை அடிக்கும் கம்பாகிவிட்டது. 1948-இல் சோவியத் ராணுவ நிர்வாகத்தின் நாளிதழில் டிம்ஷிட்ஸ் என்ற கலாச்சார அதிகாரி 'உருவவாதம்', அதாவது உள்ளடக்கத்தை விட்டுவிட்டு வடிவத்தோடு விளையாடுவது, என்று சாடி எழுதினார். அதே ஆண்டு பெர்லினில் ஃப்ரீட்ரிக் தெரு ரயில் நிலையத்தில் ஹோர்ஸ்ட் ஷ்ட்ரெம்பெல் ஒரு பெரிய சுவரோவியம் வரைந்திருந்தார். இடிபாடுகளை அகற்று, கட்டி எழுப்பு என்பதுதான் அதன் பொருளே. 1951-இல் அதன்மேல் வெள்ளையடித்தார்கள். அவர் இரண்டு ஆண்டில் மேற்கு பெர்லினுக்குப் போய்விட்டார்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வெள்ளைச்சுவர்:

நல்ல இழை. ஆனால் பத்து லட்சம் என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளையும் தொழிற்சாலைக் குழுக்களையும் பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினால் எண் ஏறத்தான் செய்யும். ஆள் வந்ததா, ஆசை வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, 1953-இன் மூன்றாவது கண்காட்சியை ஏன் விட்டுவிட்டீர்கள்? உருவவாதத்துக்கு எதிரான கட்சித் தீர்மானம் 1951-இல் வந்தது. அதன்பின் நடந்த முதல் கண்காட்சி அது. மார்ச் 1 திறப்பு, மார்ச் 5 ஸ்டாலின் மரணம். சுவர் முழுக்க சோவியத் பாணி. உற்சாகமான கட்டுமானத் தொழிலாளிகள், உழவர்கள், சமாதானக் கூட்டங்கள். கண்காட்சி முடிந்து சில வாரம்தான். ஜூன் 16-ஆம் தேதி பெர்லின் ஸ்டாலின் அவென்யூவில் நிஜமான கட்டுமானத் தொழிலாளிகள் கருவிகளைக் கீழே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். மறுநாள் நாடு முழுக்கப் பரவியது, சோவியத் டாங்கிகள் வந்தன. சட்டகத்துக்குள் இருந்த கொத்தனாரும் சாரத்தில் நின்ற கொத்தனாரும் ஒரே ஆள் இல்லை. மூன்று பேர் சொன்ன டிராக்டர் பதிலில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

எல்பெக்கரை:

ட்ரெஸ்டனில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், மருத்துவமனை வேலை. பேருந்து விஷயத்தில் எனக்கு நேரில் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் வார்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மூத்த செவிலியர் அம்மா வீட்டில் பழைய குழு நாட்குறிப்பு ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேலைக்குழுவும் இப்படி ஒன்று வைத்திருக்க வேண்டும். சேர்ந்து நாடகம் போனது, படம் பார்த்தது, சுற்றுலா போனது எல்லாம் எழுதி ஒட்டினால்தான் 'சோஷலிச உழைப்புக் குழு' பட்டத்துக்குப் போட்டியிட முடியும். கெட்டி அட்டை, உள்ளே ஓரம் பழுத்த தாள். 1977 இலையுதிர்காலப் பக்கத்தில் கண்காட்சியின் நுழைவுச்சீட்டும், படிக்கட்டில் பதினோரு பெண்கள் நிற்கும் கறுப்புவெள்ளைப் புகைப்படமும் ஒட்டியிருக்கின்றன. பசை காய்ந்து புகைப்படத்தின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. கீழே அழகான கையெழுத்தில் நான்கு வரி. 'பயனுள்ள நாள், நல்ல விளக்கவுரை' என்பதுபோல. கடமைக்கு எழுதியதுதான், அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் அந்த அம்மா சொன்ன அடுத்த விஷயம் நாட்குறிப்பில் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு அன்று கணவரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போயிருக்கிறார். குளிரில் எல்பே ஆற்றங்கரை மேடைப் பக்கம் வரிசையில் நின்று. குழுவோடு போனபோது ஒரு படத்தின் முன்னால் நிற்க விடவில்லையாம், விளக்கம் சொன்னவர் அடுத்த அறைக்கு நகர்த்திவிட்டாராம். அந்தப் படத்தைப் பார்க்கத்தான் திரும்பிப் போனாராம்.

வெள்ளைச்சுவர், முதல் சீட்டு பேருந்துக் கணக்கு, சரி. இரண்டாவது சீட்டை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

தறிக்காரன்:

எந்தப் படம்??

எல்பெக்கரை:

ஸீக்ஹார்ட் கில்லே வரைந்த இரட்டை ஓவியம். ஒரு பக்கம் சாரம் கட்டுகிறவர்கள் வேலை செய்கிறார்கள். மறுபக்கம் அதே ஆட்களின் குழு விருந்து. குடித்துச் சிவந்த முகங்கள், ஆட்டம், கட்டிப்பிடிப்பு. வண்ணத்தை அள்ளி அப்பியிருப்பார். உழைக்கும் வர்க்கத்தை இப்படியா காட்டுவது என்று அப்போது ஏகப்பட்ட சண்டை. அந்த அம்மாவின் கணவர் படத்தைப் பார்த்துவிட்டு, 'இது எங்கள் ஆள்' என்று தன் மேஸ்திரியின் பெயரைச் சொல்லிச் சிரித்தாராம்.

கரித்துண்டு:

எல்பெக்கரை, இதற்காகத்தான் இந்த இழையையே தொடங்கினேன். நன்றி.

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்குப் பணம் போட்டது அரசு, அழைத்தது அரசு, அழைத்து வந்ததும் அரசு. ஆனால் மக்கள் அங்கே தேடியது அரசு சொல்ல வந்ததை அல்ல. நாளிதழில் வராத, தொலைக்காட்சியில் வராத விஷயம் ஒரு சட்டகத்துக்குள் தப்பி வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனார்கள். ஓவியருக்கும் இது தெரியும், நடுவர் குழுவில் பாதிப் பேருக்கும் தெரியும்.

1971 டிசம்பரில் கட்சித் தலைவர் ஹோனக்கர், சோஷலிசத்தின் உறுதியான நிலையிலிருந்து புறப்பட்டால் கலையில் தடை என்று எதுவும் இருக்க முடியாது என்று பேசினார். அந்த 'புறப்பட்டால்' என்ற நிபந்தனைக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்று அளந்து பார்த்ததுதான் எழுபதுகளின் ஓவியம்.

வோல்ஃப்காங் மாட்ஹாயர் 1973-74-இல் வரைந்த ஒரு படம். தலைப்பு 'பாராட்டுப் பெற்றவள்'. வயதான தொழிலாளிப் பெண் ஒருத்தி. முன்னால் வெள்ளை விரிப்பு போட்ட மேஜை. மேஜைமேல் சில துலிப் பூக்கள், குவளையில் வைக்காமல் அப்படியே கிடக்கின்றன. பக்கத்தில் யாரும் இல்லை. அவள் நம்மைப் பார்க்கவில்லை, பூவைப் பார்க்கிறாளா என்றும் சொல்ல முடியவில்லை. கண் கீழே. அந்த வெள்ளைத்துணிதான் படத்தில் பெரும் இடத்தைப் பிடித்திருக்கிறது. தணிக்கை அதிகாரி இதில் எதை வெட்டுவார்? தொழிலாளி இருக்கிறார், பாராட்டு இருக்கிறது, பூ இருக்கிறது. விதிப்படி எல்லாமே சரி. பார்க்கிறவனுக்கு மட்டும் தொண்டை அடைக்கும்.

அல்லிக்குளம்:

இணையத்தில் தேடி அந்தப் படத்தை இப்போதுதான் பார்த்தேன். என் அம்மா ஓய்வு பெற்ற நாளில் விழா முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அப்படியேதான். மேற்கொண்டு எழுத வரவில்லை.

சிவப்புக்கல்:

அரசு ஆதரவு என்றாலே எல்லாரும் தணிக்கையை மட்டும் பேசுகிறோம். மறுபக்கத்தையும் பாருங்கள். ஒரு ஓவியர் ஓவியராகவே சாப்பிட்டு வாழ முடிந்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்பு படம் செய்யச் சொல்லிப் பணம் கொடுத்தது, தொழிற்சாலைகள் கொடுத்தன, ராணுவம்கூடக் கொடுத்தது. கண்காட்சியிலிருந்து அருங்காட்சியகங்கள் வாங்கின. பிரதிகளாக வீட்டுக்கு வீடு போனது. 1962-63 ஐந்தாவது கண்காட்சியில் இருந்த வால்டர் வொமாக்காவின் 'கடற்கரையில்', ஓர் இளைஞனும் பெண்ணும் மணலில் உட்கார்ந்திருக்கும் படம், லட்சக்கணக்கில் அச்சாகிச் சுவர்களில் தொங்கியது. அதே கண்காட்சியில் இருந்த ஹரால்ட் ஹாக்கன்பெக்கின் 'விலங்குக் காட்சியகத்தில் பீட்டர்' என்ற சிவப்புத் தொப்பிப் பையனும் அப்படித்தான். இது சின்ன விஷயமா? கலை பணக்காரன் வரவேற்பறையில் அடைந்து கிடக்கவில்லை.

வெள்ளைச்சுவர்:

சிவப்புக்கல் தோழர், வொமாக்கா படம் மக்களுக்குப் பிடித்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அத்தனையும் ஒரே வாசல் வழியாக நடந்தது. ஓவியர் சங்கம். சங்க அட்டை இல்லாவிட்டால் தொழில்முறை ஓவியர் என்ற அங்கீகாரம் இல்லை, பொருட்காட்சியில் இடம் இல்லை.

இதே ட்ரெஸ்டனில் ரால்ஃப் விங்க்ளர் என்று ஒருவர் இருந்தார். உலகம் அவரை ஏ. ஆர். பெங்க் என்று அறியும். குச்சி மனிதர்கள், குகை ஓவியம் போன்ற குறிகள். சங்கம் சேர்க்கவில்லை. மேற்கில் அவர் பெயர் பெரிதாகப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் வசித்த ஊரில் பத்து லட்சம் பேர் வரிசையில் நின்ற கட்டடத்தில் அவருக்கு ஓர் ஆணி அடிக்க இடம் இல்லை. 1980-இல் மேற்குக்குப் போய்விட்டார். கொர்னேலியா ஷ்லைமேயும் ட்ரெஸ்டனில் படித்தவர்தான். 1981-இல் படம் காட்டத் தடை, 1984-இல் வெளியேறினார்.

சட்டகத்துக்குள் என்ன தப்பி வந்தது என்று நீங்கள் பேசுகிறீர்கள். சட்டகமே கிடைக்காதவர்களைப் பற்றி நான் பேசுகிறேன். எனக்கு இது முக்கியம். கரித்துண்டு, உங்கள் கருத்தில் இந்த ஆட்கள் எங்கே?

கரித்துண்டு:

நியாயமான கேள்வி. நான் அவர்களைச் சொல்லாமல் விட்டது தவறு.

தறிக்காரன்:

ஒரு அடிப்படைச் சந்தேகம். தேர்வு யார் செய்தார்கள்? கட்சி அதிகாரி வந்து கைகாட்டுவாரா?

கரித்துண்டு:

அப்படி நேரடியாக நடந்தது குறைவு, அதனால்தான் புரிந்துகொள்வது கடினமாக இருக்கிறது. முதலில் மாவட்ட அளவில் கண்காட்சிகள். லைப்ஸிக், ஹாலே, பெர்லின் என்று ஒவ்வொன்றும் தனி ருசி. அங்கிருந்து மேலே போகும். மத்திய நடுவர் குழுவில் பெரும்பாலும் ஓவியர்களும் கலை வரலாற்றாளர்களும்தான் உட்கார்ந்திருந்தார்கள். அமைச்சகமும் கட்சியும் பின்னால். சண்டை, பேரம், ஒன்றை விட்டுக்கொடுத்து ஒன்றை உள்ளே கொண்டுவருவது எல்லாம் அந்த அறையில் நடந்தது. லைப்ஸிக் ஓவியர்கள் பலம் பெற்றதே இப்படித்தான். மாட்ஹாயர், ஹைசிக், ட்யூப்கே மூவரும் அங்கே கலைப்பள்ளியில் ஆசிரியர்களாக இருந்தார்கள். 1974 முதல் 1988 வரை சங்கத் தலைவராக இருந்த வில்லி ஸிட்டே ஹாலேக்காரர், கட்சியிலும் பெரிய ஆள்.

தூய்மையான ஆள், கறை படிந்த ஆள் என்று இரண்டு வரிசை போட முடியாது. பெர்ன்ஹார்ட் ஹைசிக் அறுபதுகளில் கண்டனம் வாங்கி, சுயவிமர்சனம் செய்து, பிறகு மறுபடி பள்ளியின் தலைவராக வந்தவர். அதே ஹைசிக் போர்க் கனவுகளை வரைந்ததைப் பாருங்கள். இளம் வயதில் நாஜிப் படையில் சண்டை போட்டவர் அவர், அந்த நினைவு முழுக்கத் தாளிலும் துணியிலும் கக்கிக்கொண்டே இருந்தார். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப மேலே வரைந்து மாற்றுவார். அரசுக்கு வேண்டிய பாசிச எதிர்ப்பு என்ற தலைப்புக்குள் வந்துவிடும். ஆனால் அது அரசு கேட்டதைவிட மிகவும் அதிகம்.

சட்டகம் கிடைக்காதவர்கள் பற்றி: 1984-இல் லைப்ஸிக்கில் ஆறு ஓவியர்கள் சங்கத்தின் பெயரைச் சொல்லி வணிகக் கண்காட்சிக் கட்டடம் ஒன்றில் ஒரு தளத்தை வாடகைக்குப் பிடித்து, அனுமதியே வாங்காமல் 'இலையுதிர் சலூன்' நடத்தினார்கள். அதிகாரிகளுக்குத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தகராறு பண்ணினார்கள், ஆனாலும் கண்காட்சி நடந்தது, ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். சுவர் தராவிட்டால் சுவரை வாடகைக்கு எடுப்பது. ட்ரெஸ்டன் கண்காட்சியின் வரலாற்றை இந்தச் சலூனைச் சேர்க்காமல் எழுதக்கூடாது என்று நினைக்கிறேன். வெள்ளைச்சுவர் அதைத்தான் கேட்கிறார், ஒப்புக்கொள்கிறேன்.

சிவப்புக்கல்:

மேற்கு என்ன பண்ணியது என்பதையும் சேருங்கள். 1977-இல் மேற்கு ஜெர்மனியின் காஸல் நகரத்தில் நடக்கும் டாகுமென்டா என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சிக்கு கிழக்கு ஓவியர்கள் முதல்முறையாக வந்தபோது மேற்கு ஓவியர்கள் பாஸெலிட்ஸும் லூபெர்ட்ஸும் தங்கள் படங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதே காலத்தில் மேற்கு ஜெர்மன் சாக்லேட் முதலாளி பீட்டர் லுட்விக் கிழக்குப் படங்களை வாங்கிக் குவித்தார்.

வெள்ளைச்சுவர்:

பாஸெலிட்ஸும் கிழக்கில் பிறந்து, கிழக்கு பெர்லின் கலைப்பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, மேற்குக்குப் போனவர். அவர் கோபத்துக்கு ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எல்பெக்கரை:

1990-க்குப் பிறகு நடந்ததையும் யாராவது எழுதுங்கள் என்று காத்திருந்தேன், சரி நானே எழுதுகிறேன்.

பெர்லின் சுவர் விழுந்ததும் படங்கள் கிடங்குக்குப் போயின. தொழிற்சங்கமும் கட்சியும் வாங்கி வைத்திருந்தவை ஆயிரக்கணக்கில், அதில் ஒரு பகுதி இன்று பெஸ்கோ என்ற சிற்றூரில் காப்பகத்தில் இருக்கிறது. 1999-இல் வைமாரில் ஒரு பெரிய கண்காட்சி வைத்தார்கள். நவீன ஓவியங்களைத் தனியாக அழகாக மாட்டிவிட்டு, கிழக்கு ஜெர்மன் படங்களை மட்டும் சாம்பல் நிறத் தார்ப்பாயின்மேல் ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி நெருக்கித் தொங்கவிட்டார்கள். பழைய சாமான் கடைபோல. ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள், சிலர் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நாடு முழுக்கப் பெரிய சண்டை. அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் தங்கள் வாழ்க்கையையே அப்படித் தொங்கவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் 2017. இங்கே ட்ரெஸ்டனில். அந்தக் கண்காட்சிகளில் பல நடந்த அதே ஆல்பர்டினும் அருங்காட்சியகக் கட்டடத்தில் கிழக்கு ஜெர்மன் ஓவியங்கள் சுவரில் ஏன் இல்லை என்று ஒரு கலை ஆய்வாளர் உள்ளூர் நாளிதழில் எழுதினார். அவ்வளவுதான், ஊரே பற்றிக்கொண்டது. அருங்காட்சியக இயக்குநருக்கு வசைக் கடிதங்கள் குவிந்தன. அதைப் படித்து எனக்கு வெட்கமாக இருந்தது. பாதிப் பேருக்கு ஓவியத்தின் மேல் கோபம் இல்லை, வேறு எதன்மேலோ கோபம். இயக்குநர் கதவைப் பூட்டவில்லை. பொது விவாதக் கூட்டங்கள் வைத்தார், வசை எழுதியவர்களோடும் பேசினார், 2018-இல் கிடங்கிலிருந்து படங்களை எடுத்து மாட்டினார். நான் அந்தச் செவிலியர் அம்மாவோடு போனேன். 'விலங்குக் காட்சியகத்தில் பீட்டர்' படத்தின் முன்னால் அவர் நின்ற நேரத்தில் நான் மற்ற அறைகள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டேன். திரும்பி வந்தபோதும் அங்கேயே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, 'தொப்பி இவ்வளவு சிவப்பு என்று மறந்துவிட்டேன்' என்றார்.

தறிக்காரன்:

அடுத்த மாதம் அலுவலக வேலையாக லைப்ஸிக் வருகிறேன். அரை நாள்தான் கிடைக்கும். இதில் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் எது அண்ணே?

எல்பெக்கரை:

டிக்கெட்டே வேண்டாம் தம்பி. லைப்ஸிக் நடுவில் க்ரிம்மா தெருவில், தற்கால வரலாற்று அருங்காட்சியக வாசலில் மாட்ஹாயரின் 'நூற்றாண்டின் காலடி' என்ற வெண்கலச் சிலை நிற்கிறது. 1984-இல் செய்தது. 1987-88-இல் நடந்த பத்தாவது, கடைசிக் கண்காட்சியில் இதுவும் இருந்தது. ஒரு கை நாஜி வணக்கமாக நீட்டியிருக்கும், மறு கை கம்யூனிஸ்ட் வணக்கமாக முஷ்டி மடக்கியிருக்கும். ஒரு கால் ராணுவ பூட்ஸில், இன்னொரு கால் வெறுங்காலாக நீளமாக முன்னால் பாயும். தலை உடலுக்குள் புதைந்து கிடக்கும். சோஷலிச அரசு தன் சொந்தச் செலவில் நடத்திய கண்காட்சியில் இரண்டு கைகளையும் ஒரே உடலில் பொருத்தி வைத்துவிட்டார். 1988-இல் அவரே கட்சியை விட்டு விலகினார்.

போன மே மாதம் நான் அங்கே நின்றபோது ஒரு பள்ளிக்கூட்டம் வந்தது. இரண்டு பையன்கள் சிலை நிற்கிற மாதிரியே நிற்க முயன்றார்கள். வெறுங்கால் பக்கத்தை அவ்வளவு தூரம் நீட்டினால் நிற்க முடியாது, தடுமாறி ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுந்தார்கள். மறுபடி எழுந்து, இந்த முறை ஒருத்தன் வலது கையையும் தூக்கினான். இங்கே அந்தக் கை சட்டப்படி குற்றம். ஆசிரியை ஓடிவந்து கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, அதே இடத்தில் அவனோடு குந்தி உட்கார்ந்து, சிலையைக் காட்டி ஏதோ மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். நான் கிளம்பும்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.